6 கோடி வரி ஆனதும் டேட்டாபேஸ் ஏன் திணறுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்ட நிறுவனத்தின் அலுவலகத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர்களுக்கு 20 தோட்டங்கள், சுமார் 4,000 அறுவடைத் தொழிலாளர்கள். யார் எந்தக் காட்டில் எத்தனை செம்பனைக் குலை வெட்டினார், எவ்வளவு உதிரிப்பழம் பொறுக்கினார் என்பதை மண்டோர்கள் (வேலையை மேற்பார்க்கும் கங்காணிகள்) கைப்பேசியில் பதிந்து, சாயங்காலம் மொத்தமாக அனுப்புகிறார்கள். டேபிளில் ஒரு பதிவு என்பது ஒரு வரி; ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து வரி. 5 ஆண்டுகளில் அந்த டேபிள் 6 கோடி வரிகளாகிவிட்டது. அதை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுவது 8 ஜிபி நினைவகமும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கும் உள்ள சர்வரில். மாதச் சம்பள ரிப்போர்ட் முன்பெல்லாம் நாலைந்து நிமிடத்தில் வந்துவிடும். இந்த ஆண்டு முக்கால் மணி நேரம் ஆகிறது. மென்பொருள் விற்க வந்த ஒருவர், ரிலேஷனல் டேட்டாபேஸ் (ஒன்றோடொன்று இணைந்த டேபிள்களில் தரவை வைக்கும் போஸ்ட்கிரெஸ் போன்றது) இவ்வளவு பெரிய தரவைத் தாங்காது, மொங்கோடிபி என்ற வேறு வகை டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாறலாமா?

மாற வேண்டாம் தம்பி. உங்கள் டேபிள் பெரிய டேபிளே இல்லை. எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் சொன்ன பத்திகளை (டேபிளின் காலம்களை) வைத்துப் பார்த்தால், போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரிக்கும் தன் பங்குக்குச் சேர்க்கும் தலைப்புப் பகுதியோடு, ஒரு வரி 120 பைட் வரும். 6 கோடி வரிக்கு 7.2 ஜிபி. போஸ்ட்கிரெஸ் ஒரே டேபிளில் 32 டெராபைட் வரை வைத்துக்கொள்ளும். நீங்கள் அதன் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு 150 எம்பி படிக்கும். ஆகவே எந்த இண்டெக்ஸும் (வரிகள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரிசைப்படுத்திய அட்டவணை) இல்லாமல், 5 ஆண்டுத் தரவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும் 48 விநாடிதான் ஆக வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டுக்கு வேண்டியதோ ஒரே ஒரு மாதம். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறதென்றால், ஒரே தரவை யாரோ திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள் என்று அர்த்தம். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான். மொத்தத்தையும் ஒருமுறை படிக்க எவ்வளவு நேரம்? குவெரி (டேட்டாபேஸிடம் நிரல் கேட்கும் கேள்வி) அதைவிட அதிக நேரம் எடுத்தால், கோளாறு தரவின் அளவில் இல்லை.

நீங்கள் அனுப்பிய குவெரியைப் பார்த்தேன். தேதிப் பத்தியிலிருந்து மாதத்தையும் ஆண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, மாதம் 3-ஆ, ஆண்டு 2025-ஆ என்று ஒப்பிடுகிறது. தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனாலும் அது இங்கே பயன்படாது. ஏனென்றால் இண்டெக்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருப்பது தேதியை. நீங்கள் கேட்பதோ தேதியிலிருந்து கணக்கிட்டு எடுக்க வேண்டிய வேறொன்றை. செக்ரோல் புத்தகங்களை (வருகை, கூலிப் பதிவேடுகளை) தேதி வாரியாக அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அலுவலக எழுத்தரான கிராணியாரிடம், "செவ்வாய்க்கிழமைப் பக்கங்களை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்றால் அவர் எல்லாப் புத்தகத்தையும் புரட்டத்தானே வேண்டும்? டேட்டாபேஸும் அதைத்தான் செய்கிறது. 6 கோடி வரியையும் ஒவ்வொன்றாக எடுத்து, மாதத்தைக் கணக்கிட்டு, பொருந்தாததைத் தள்ளிவிடுகிறது.

அதுவும் ஒருமுறை நடந்தால் 48 விநாடியோடு போயிருக்கும். உங்கள் நிரல் 20 தோட்டங்களுக்கும் தனித்தனியாக ஒரு சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குலைக்கு ஒரு குவெரி, உதிரிப்பழத்துக்கு ஒன்று, பிடித்தங்களுக்கு ஒன்று. 20 தோட்டம், 3 குவெரி, ஆக 60 முறை முழு டேபிளும் படிக்கப்படுகிறது. 60 முறை 48 விநாடி என்பது 2,880 விநாடி, அதாவது 48 நிமிடம். நீங்கள் சொல்லும் முக்கால் மணி நேரம் இங்கேதான் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் என் பேச்சை நம்பாமல், குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை) போட்டு, எத்தனை பக்கம் படித்தது என்று சொல்லும் பஃபர்ஸ் விவரத்தையும் கேட்டு ஓட்டிப் பாருங்கள். "சீக் ஸ்கேன்" (முழு டேபிளையும் வரிசையாகப் படித்தல்) என்ற சொல்லும், பக்கத்தில் 8 லட்சத்துக்கு மேல் பக்கங்கள் படித்ததாக ஒரு எண்ணும் இருந்தால் விஷயம் முடிந்தது. 7.2 ஜிபியை 8 கேபி பக்கங்களாகப் பிரித்தால் ஏறக்குறைய 8 லட்சத்து 80 ஆயிரம் பக்கம் வரும். எண் அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"அப்படியானால் முன்பு மட்டும் எப்படி ஐந்து நிமிடத்தில் வந்தது, குவெரி அதேதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டேட்டாபேஸ் வளரும்போது வேகம் எப்படிக் குறைகிறது என்பதற்கு உண்மையான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

டேபிள் 3 ஜிபியாக இருந்த காலத்தில் அது முழுவதும் உங்கள் 8 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கியது. முதல் முறை டிஸ்க்கிலிருந்து படித்ததும் இயங்குதளமான லினக்ஸ் அதைத் தன் கேஷில் (நினைவகத்தில் வைக்கும் தற்காலிக நகலில்) வைத்துக்கொண்டது. அடுத்த 59 முறையும் நினைவகத்திலிருந்தே வந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு விநாடி வைத்துக்கொண்டாலும் மொத்தம் நாலு நிமிடம்தான். குவெரி அன்றைக்கும் மோசம்தான். நினைவகம் அதை மறைத்து வைத்திருந்தது. டேபிள் வளர்ந்து, இண்டெக்ஸ், மற்ற டேபிள்கள், இயங்குதளம் எல்லாம் சேர்ந்து 8 ஜிபியைத் தாண்டிய மாதத்தில் எல்லாம் தலைகீழானது. முழு ஸ்கேன் டேபிளின் கடைசிப் பகுதிக்கு வரும்போது, தொடக்கத்தில் படித்த பக்கங்கள் கேஷிலிருந்து வெளியேறிவிடுகின்றன. அடுத்த ஸ்கேன் தொடங்கும்போது அவற்றை மறுபடியும் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும். தரவு இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, நேரமோ பத்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

வளர்ச்சி ஒரு சீரான சரிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை ஏமாற்றுவது இந்த இடம்தான். வேகம் படிப்படியாகக் குறையாது. வெகுகாலம் ஒரே மட்டத்தில் ஓடிவிட்டு, ஒரு நாள் பள்ளத்தில் விழும். சின்ன அளவிலும் இதைப் பார்க்கலாம். ஒரு குவெரி 1,000 பக்கங்களைத் தொடுகிறது, 100-க்கு 99 பக்கம் நினைவகத்தில் கிடைக்கிறது என்று வையுங்கள். மீதி 10 பக்கத்துக்கு ஹார்ட் டிஸ்க்கின் ஊசி நகர வேண்டும். ஒன்றுக்கு 10 மில்லிவிநாடி, மொத்தம் 100 மில்லிவிநாடி. அந்த 99 சதவீதம் 95 ஆகக் குறைந்தால் 50 பக்கம், 500 மில்லிவிநாடி. நாலு சதவீதம் நழுவியதற்கு ஐந்து மடங்கு தாமதம். அதனால்தான் "நேற்று வரைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட.

இனி இண்டெக்ஸ் சரியாகப் பயன்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு வருவோம். ரிலேஷனல் முறையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் கோட் 1970-இல் முன்வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் போயிங் ஆய்வுக்கூடத்தில் பேயரும் மெக்கிரைட்டும் பி-ட்ரீயை, அதாவது இண்டெக்ஸை மரம்போல மட்டம் மட்டமாக அடுக்கும் முறையை, உருவாக்கினார்கள். இன்றும் உங்கள் டேட்டாபேஸைத் தாங்கி நிற்பது அந்த அமைப்புதான். ஒரு பக்கத்தில் சுமார் 300 சாவிகள் (தேடும் மதிப்புகள்) அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மட்டம் இருந்தால் 90,000 வரிகளை எட்டலாம். மூன்று மட்டத்தில் 2.7 கோடி. நாலு மட்டத்தில் 810 கோடி. உங்கள் 6 கோடிக்கு நாலு மட்டம். இன்றைக்கு ஒரு வரியைத் தேட நாலு இண்டெக்ஸ் பக்கம் தொடுகிறீர்கள் என்றால், உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதே நாலுதான். மேல் மட்டப் பக்கங்கள் எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும் என்பதால் டிஸ்க்குக்குப் போவது பெரும்பாலும் கடைசி ஓரிரு பக்கத்துக்கு மட்டுமே. 90 ஆயிரம் வரியிலிருந்து 6 கோடிக்கு வளர்ந்த பிறகும் ஒரு தேடலுக்குக் கூடியது இரண்டு பக்கம் என்பதை உங்கள் மேலாளருக்கு எழுதிக் காட்டுங்கள்.

உங்கள் குவெரிக்குத் திருத்தம் சுலபம். மாதத்தைப் பிரித்தெடுக்காமல், "தேதி மார்ச் 1 அல்லது அதற்குப் பிந்தையது, ஏப்ரல் 1-க்கு முந்தையது" என்று எல்லையாக எழுதுங்கள். கடைசி எல்லையை மார்ச் 31 என்று வைக்காதீர்கள். பத்தியில் நேரமும் சேர்ந்திருந்தால் 31-ஆம் தேதிப் பதிவுகள் விட்டுப்போகும், அது யாரோ ஒருவரின் கூலி. இரண்டாவதாக, 20 தோட்டங்களுக்கும் 60 குவெரி போடாமல், ஒரே குவெரியில் தோட்டம், தொழிலாளர் என்று குழுவாக்கி மூன்று கூட்டுத்தொகைகளையும் ஒன்றாக எடுங்கள். ஒரு மாதத்துக்கு 10 லட்சம் வரி, 120 எம்பி. உங்கள் தரவு நாள் வரிசையில் உள்ளே வருவதால் அந்த 10 லட்சமும் டிஸ்க்கில் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே சில விநாடி வேலை.

தரவு நாள் வரிசையில் கிடப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. போஸ்ட்கிரெஸில் பிரின் என்று ஓர் இண்டெக்ஸ் வகை இருக்கிறது, 9.5 பதிப்பிலிருந்து. அது ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு வைக்காது. 128 பக்கத்துக்கு ஒரு குறிப்பு, அந்தப் பகுதியில் மிகச் சிறிய தேதி எது, மிகப் பெரிய தேதி எது என்று மட்டும். உங்கள் டேபிளுக்கு ஏழாயிரம் குறிப்புகூட வராது. ஆனால் பழைய தேதிக்குத் திருத்தப் பதிவுகள் அடிக்கடி போடும் வழக்கம் இருந்தால் பிரின் பலவீனப்படும். அந்த வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று செக்ரோல் பார்ப்பவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பல பத்திகளைச் சேர்த்து இண்டெக்ஸ் போடும்போது வரிசையைக் கவனியுங்கள். ஒரு தோட்டத்தின் ஒரு மாதம் என்பது உங்கள் வழக்கமான கேள்வி என்றால், முதலில் தோட்டம், பிறகு தேதி. சமமா என்று ஒப்பிடும் பத்தி முன்னால், எல்லை வைத்துக் கேட்கும் பத்தி பின்னால். மாற்றிப் போட்டால் அந்த மாதத்தின் 20 தோட்டக் குறிப்புகளையும் வாசித்து 19-ஐத் தள்ள வேண்டியிருக்கும்.

நீங்கள் கேள்வியின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயம் எனக்குச் சம்பள ரிப்போர்ட்டைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு தொழிலாளி அலுவலகச் சன்னலில் வந்து நின்று, "என் குலைக் கணக்கு குறைகிறதே" என்று கேட்டால், அவருடைய ஓராண்டுப் பதிவு திரையில் வர நேரமாகிறது என்கிறீர்கள். கிராணி "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுகிறாராம். குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்தப் பதிவுதான் ஆதாரம். அதைப் பார்க்க அவர் இன்னொரு நாள் நடக்கக் கூடாது.

அங்கே நடப்பது இது. அவருக்கு ஓராண்டில் 3,000 வரி. தொழிலாளர் எண்ணில் இண்டெக்ஸ் இருப்பதால் அந்த 3,000 குறிப்புகள் உடனே கிடைத்துவிடுகின்றன. ஆனால் வரிகள் இருப்பது டேபிளில். மண்டோர் ஒரு நாள் பதிவை மொத்தமாக அனுப்புவதால் ஒரு நாளின் பத்து வரியும் ஓரிரு பக்கத்தில் இருக்கும். அடுத்த நாளின் வரிகளோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளி. 300 வேலை நாளுக்கு 300 முதல் 600 பக்கம், ஒவ்வொன்றும் டிஸ்க்கில் வெவ்வேறு இடம். 10 மில்லிவிநாடி வீதம் 3 முதல் 6 விநாடி. அதுவும் வேறு யாரும் டிஸ்க்கைப் பயன்படுத்தாத நேரத்தில். சம்பள ரிப்போர்ட் பின்னணியில் முழு ஸ்கேன் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த ஊசி இரண்டு பக்கமும் அலைந்து, கணக்கு எங்கேயோ போய்விடும்.

இதற்கு, தொழிலாளர் எண், தேதி என்று இண்டெக்ஸ் போட்டு, குலை எண்ணிக்கையையும் உதிரிப்பழ எடையையும் அதே இண்டெக்ஸோடு சேர்த்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 11 பதிப்பிலிருந்து இன்குளூட் என்ற சொல்லால் இதைச் செய்யலாம். ஒரு குறிப்பு 40 பைட் என்றால் 3,000 குறிப்புக்கு 120 கேபி, அதாவது 15 பக்கம். அவை அடுத்தடுத்து இருக்கும். டேபிளைத் தொடவே தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டேபிளைத் தொடாமல் விடலாமா என்பதை போஸ்ட்கிரெஸ் தெரிந்துகொள்வது வேக்யூம் (டேபிளைச் சுத்தப்படுத்தும் வேலை) ஓடியபோது குறித்து வைத்த வரைபடத்திலிருந்து. உங்கள் டேபிளில் புதிய வரிகள் சேர்கின்றனவே தவிர, திருத்தமும் நீக்கமும் குறைவு. 13-க்கு முந்தைய பதிப்புகளில், வெறும் சேர்ப்புகளுக்காக வேக்யூம் தானாக ஓடாது. நீங்கள் பழைய பதிப்பில் இருந்தால் இரவு நேரத்தில் வேக்யூமை நீங்களே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் இண்டெக்ஸ் போட்டும் பலனில்லையே என்று குழம்புவீர்கள்.

இண்டெக்ஸ் நல்லது என்று எல்லாப் பத்திக்கும் போட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு புதிய வரிக்கும் எல்லா இண்டெக்ஸிலும் எழுத வேண்டும். சாயங்காலம் மண்டோர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது அது தெரியும்.

அடுத்தது, டேபிள் வளர்ந்த பிறகு மட்டும் தலைகாட்டும் ஒரு கோளாறு. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன திருத்தங்களைச் செய்த பிறகும் ஒரு நாள் குவெரி திடீரென்று படுத்துவிடலாம். எந்த வழியில் தேடுவது என்று போஸ்ட்கிரெஸ் முடிவெடுப்பது, தான் சேகரித்து வைத்திருக்கும் புள்ளிவிவரத்தை நம்பி. டேபிளில் 10 சதவீதம் மாறினால்தான் அந்தப் புள்ளிவிவரம் தானாகப் புதுப்பிக்கப்படும். இயல்பான அமைப்பு அப்படி. டேபிளில் 10 லட்சம் வரி இருந்தபோது 1 லட்சம் புது வரிக்கு ஒருமுறை புதுப்பித்தது. இப்போது 6 கோடியில் 10 சதவீதம் என்றால் 60 லட்சம். உங்கள் வேகத்தில் அது அரை வருடம்! கடந்த மாதம் என்று ஒன்று இருப்பதே புள்ளிவிவரத்தில் சரியாகப் பதிந்திருக்காது. 10 லட்சம் வரி வர வேண்டிய இடத்தில் மிகச் சில வரிகளே வரும் என்று கணித்து, சிறிய தரவுக்கு ஏற்ற நெஸ்டட் லூப் வழியை (ஒவ்வொரு வரிக்கும் மற்ற டேபிளில் ஒருமுறை தேடுவதை) அது எடுத்துவிடக்கூடும். பிறகு 10 லட்சம் முறை உள்ளே போய் வெளியே வரும். எக்ஸ்பிளெய்ன் வெளியீட்டில் கணித்த வரி எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் அருகருகே இருக்கும். இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம் கண்டால் இதுதான் காரணம். அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் 10 சதவீதத்தை 1 சதவீதமாகக் குறைத்துவிடுங்கள். மாதம் முடிந்ததும் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அனலைஸ் (புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) ஒருமுறை ஓட்டிவிடுவது இன்னும் பாதுகாப்பு. வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் கூலி கையில் போய்ச் சேர வேண்டும். அந்த வாரத்தில் இப்படி ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மேலாளர்கள் கேட்கும் 5 ஆண்டு ஒப்பீட்டுக்கு 6 கோடி வரியையும் கூட்டவே தேவையில்லை. செக்ரோலை மூடி, கூலி கொடுத்து முடித்த மாதத்தின் கணக்கு இனி மாறப்போவதில்லை. மாதம் மூடும் அன்று ஆளுக்கு ஒரு வரி என்று கூட்டி, தனி டேபிளில் போட்டுவையுங்கள். 4,000 பேர், 12 மாதம், 5 ஆண்டு: 2 லட்சத்து 40 ஆயிரம் வரி. இயக்குநர் எத்தனை வரைபடம் கேட்டாலும் கண் இமைக்கும் நேரத்தில் வரும். திருத்தம் வந்தால் அந்த மாதத்தை மட்டும் மறுபடி கூட்ட ஒரு சின்ன நிரல் போதும்.

நிரல் எழுதுகிறவர்கள் செய்யும் இன்னொன்றையும் பாருங்கள். சர்வரை சிங்கப்பூரில் உள்ள கிளவுடுக்கு மாற்றும் யோசனை இருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் சம்பளச் சீட்டு அச்சிடும் பகுதி ஒவ்வொரு தொழிலாளிக்கும் மூன்று குவெரி அனுப்புகிறது. 4,000 பேருக்கு 12,000. ஒரு போய்வருதலுக்கு 20 மில்லிவிநாடி என்றால் 240 விநாடி. டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னாலும் நாலு நிமிடம் கம்பியிலேயே போய்விடும். பழியோ டேட்டாபேஸ் மேல் விழும். ஒரே குவெரியில் மொத்தமாக எடுத்து, நிரலுக்குள் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வன்பொருள் பற்றி என் கருத்து வெளிப்படையானது: குவெரியைத் திருத்திய பிறகு, அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், நினைவகத்தை 32 ஜிபி ஆக்குங்கள். 10 மில்லிவிநாடி ஆகும் தாவல் எஸ்எஸ்டியில் 0.1 மில்லிவிநாடிதான். முழு டேட்டாபேஸை வேறொன்றுக்கு மாற்றி எழுத ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வரிசை மாறக் கூடாது. குவெரியைத் திருத்தாமல் நினைவகத்தை மட்டும் கூட்டினால் அதே பள்ளத்தில் இன்னும் சில ஆண்டு கழித்து விழுவீர்கள், அப்போது இன்னும் ஆழமாக. நினைவகத்தைக் கூட்டியதும் போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ் (அது தனக்கென ஒதுக்கும் நினைவகம்) அமைப்பையும் பாருங்கள். நிறுவும்போது அது 128 எம்பிதான். மாற்றாமல் வருடக்கணக்கில் விட்ட சர்வர்கள் நிறைய. மொத்த நினைவகத்தில் கால் பங்கு கொடுத்துத் தொடங்கலாம்.

வேகத்துக்காக எஃப்சிங்கை (எழுதியது டிஸ்க்கில் பதியும் வரை காத்திருக்கும் அமைப்பை) அணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம் பக்கம் சாயங்கால இடி மழைக்கு மின்சாரம் போவது புதிதா? மண்டோர்கள் பதிவு அனுப்புவதும் அதே நேரத்தில்தான். எஃப்சிங் அணைந்திருக்கும்போது மின்சாரம் போனால் டேட்டாபேஸே சிதைந்துபோகலாம். 4,000 குடும்பத்தின் கூலிக் கணக்கு அது.

பழைய தரவு. வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே இப்போதைக்கு எதையும் நீக்க முடியாது. ஆனால் டேபிளை ஆண்டு வாரியாகப் பார்ட்டிஷன் (துண்டுகளாகப் பிரித்தல்) செய்யும் வேலையை இப்போதே தொடங்கலாம். 10-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு நேரடியான வசதி இருக்கிறது. காலம் முடிந்த ஓர் ஆண்டின் 1.2 கோடி வரியை டெலீட் செய்தால் மணிக்கணக்கில் ஓடி, டேபிளில் ஓட்டைகளை விட்டுச் செல்லும். பார்ட்டிஷனாக இருந்தால் அந்த ஆண்டைக் கழற்றி, காப்பகத்தில் நகல் வைத்துவிட்டு விட்டுவிடலாம், ஒரு நொடி வேலை. பார்ட்டிஷன் செய்தாலே எல்லாக் குவெரியும் வேகமாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தேதி சொல்லாமல் தொழிலாளர் எண்ணை மட்டும் கொடுத்துக் கேட்டால் எல்லாப் பார்ட்டிஷனிலும் தேட வேண்டிவரும், அப்போது முன்னைவிடச் சற்று மெதுவாகவே இருக்கும்.

சரி, மொங்கோடிபி. நல்ல டேட்டாபேஸ்தான், அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன் இண்டெக்ஸும் பி-ட்ரீதான். அங்கேயும் தேதியைப் பிரித்தெடுத்து மாதத்தை ஒப்பிட்டால் முழுத் தொகுப்பும் படிக்கப்படும். அங்கேயும் நினைவகத்துக்கு மேல் வளர்ந்தால் டிஸ்க்குக்குப் போக வேண்டும். அதே 60 ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு வீட்டில் வைப்பதால் என்ன மாறப்போகிறது? தொழிலாளி, தோட்டம், காடு, கூலி விகிதம் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உங்கள் தரவுக்கு ரிலேஷனல் அமைப்புதான் இயல்பானது. ஒருவர் தோட்டம் மாறினால், கூலி விகிதம் மாறினால், கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி நிற்காமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரே சர்வரில் ஓடும் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு எல்லையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு நொடிக்கு வரும் எழுத்துகள் ஓர் இயந்திரத்தின் சக்தியைத் தாண்டும்போது, பயனர்கள் பல கண்டங்களில் இருக்கும்போது, தரவைப் பல சர்வர்களில் பிரித்துத்தான் ஆக வேண்டும். யூடியூப் தன் ரிலேஷனல் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லைப் பிரித்து ஓட்ட 2010-இல் வைட்டெஸ் என்ற மென்பொருளைத் தொடங்கியது. கூகுள் ஸ்பானர் என்ற டேட்டாபேஸைக் கட்டி, 2012-இல் அதைப் பற்றி வெளியிட்டது. இன்ஸ்டகிராம் போஸ்ட்கிரெஸையே பல துண்டாக்கி ஓட்டியது. கவனியுங்கள், இவர்கள்கூட ரிலேஷனல் முறையை உதறவில்லை. அதையே பல இயந்திரங்களில் பரப்பினார்கள். விக்கிப்பீடியா இன்றும் மரியாடிபி என்ற ரிலேஷனல் டேட்டாபேஸில் ஓடுகிறது. பிரித்த பிறகு, இரண்டு துண்டில் இருக்கும் வரிகளை இணைப்பதும் ஒரே பரிவர்த்தனையில் இரண்டையும் மாற்றுவதும் பெரும் பாடு. சராசரியாக நொடிக்கு ஒரு பதிவுகூட வராத ஓர் அலுவலகம் அந்தப் பாட்டை விலைகொடுத்து வாங்கக் கூடாது. என்றாவது உங்களுக்கு முழு வரலாற்றையும் பல கோணத்தில் அலச வேண்டி வந்தால், பத்தி வாரியாகச் சேமிக்கும் டக்டிபி அல்லது கிளிக்ஹவுஸில் ஒரு நகலை வைத்துக்கொள்ளலாம். 120 பைட் வரியில் இரண்டு பத்தி மட்டும் வேண்டுமென்றால் அந்த இரண்டை மட்டும் அவை படிக்கும். மூலக் கணக்கு போஸ்ட்கிரெஸிலேயே இருக்கட்டும்.

வேலையைத் தொடங்கும்போது மாதத்தின் முதல் 7 நாளைத் தவிர்த்துவிடுங்கள். இண்டெக்ஸைச் சாதாரணமாக உருவாக்கினால் அது முடியும் வரை டேபிளில் யாரும் எழுத முடியாது, மண்டோர்களின் பதிவுகள் நின்றுவிடும். கன்கரென்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து, இரவில் ஓட்டுங்கள். நேரம் கூடுதலாக எடுத்தாலும் எழுதுவதைத் தடுக்காது. நடுவில் அறுந்துபோனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சி நிற்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். புதிய குவெரியின் கூட்டுத்தொகைகளையும் பழைய ரிப்போர்ட்டையும் ஏற்கெனவே கூலி கொடுத்து முடித்த ஒரு மாதத்துக்கு ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு சென்கூட மாறவில்லை என்று தெரிந்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.